ஒத்திக்குப் போனால் வாடகை மிச்சம், நகை?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணி பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கையில் வருவது 24,000 ரூபாய். கே.கே. நகரில் வாடகை 8,500. கரண்ட், தண்ணீர் தனி. மாதக் கடைசியில் கைமாத்து வாங்காமல் ஓடுவதில்லை. அதே தெருவில் ஒருவர் 4 லட்சம் கொடுத்தால் 3 வருட ஒத்திக்கு வீடு தருகிறேன் என்கிறார்; மாத வாடகை கிடையாது, கெடு முடிந்ததும் பணம் திரும்ப வரும். மனைவியின் 9 பவுனை வங்கியில் வைத்தால் அந்தத் தொகை கிடைக்கும். செய்யலாமா?

பதில்: கணக்கை மட்டும் பார்த்தால் உங்களுக்குச் சாதகம்தான். நகைக்கடன் வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 40,000. மாதம் சுமார் 3,300. வாடகையில் மாதம் 5,200 மிஞ்சும். ஒத்தி என்றாலே ஏமாற்று என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எனக்கு இடிப்பது கெடுதான். நகைக்கடன் ஒரு வருடக் கடன், ஒத்தியோ 3 வருடம். வருடா வருடம் வட்டியை மொத்தமாகக் கட்டித்தான் நகையை மாற்றி வைக்க முடியும். அன்றைக்குப் பவுன் விலை இறங்கியிருந்தால் வங்கி அதே 4 லட்சம் தராது. குறைவதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். சரி, 3 வருடம் முடிந்ததும் பணம் வந்துவிடுமா? வீட்டுக்காரர் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கப் போவதில்லை. மகள் கல்யாணத்துக்கோ மாடி எடுக்கவோ போயிருக்கும். அடுத்த ஒத்திக்காரர் வந்து பணம் கொடுத்தால்தான் உங்களுக்கு. “அதுவரைக்கும் இருந்துக்கங்க தம்பி” என்பார். நீங்கள் இருக்கலாம், நகைக்கு வட்டி நிற்காது.

அடுத்தது பத்திரம். 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள சுவாதீன அடமானத்தை, அதாவது ஒத்தியை, பதிந்தே ஆக வேண்டும். பதியாத தாளை வைத்துப் பணம் கேட்டு வழக்குப் போடலாம், வீட்டின் மேல் உரிமை கொண்டாட முடியாது. அந்த வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்து ஏலத்துக்கு வந்தால் நீங்கள் தெருவில். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். அதோடு விடாமல் மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸைக் காட்டினால், அசல் எங்கே என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நானாக இருந்தால் 9 பவுனையும் வைக்க மாட்டேன். (உங்கள் மனைவி இதற்கு என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.) 2 லட்சம் ஒத்தி, கூடவே மாதம் 4,000 வாடகை என்று கேட்டுப் பாருங்கள், பாதி ஒத்தி பாதி வாடகைக்கு ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வட்டியும் வாடகையுமாக 5,700தான் வரும், பாதி நகை வீட்டில் இருக்கும். மிஞ்சும் 2,800 நகையை மீட்கவே போகட்டும். கைமாத்து பழகிய கை, மிச்சத்தைக் கண்டால் சும்மா இருக்காது. பணம் எதுவானாலும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

பதிய மாட்டேன் என்றால் அந்த வீட்டை விட்டுவிட்டு ஒத்தக்கடைப் பக்கம் தேடுங்கள். மேலூர் ரோட்டில் உங்கள் கடைக்கு நேர் பஸ். மனைவிக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. வீடு பேசும்போது கரண்டையும் சேர்த்துப் பேசுங்கள்: தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் வைத்ததே விலை. அட்வான்ஸ், தமிழக வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைதான்; ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் நிற்கும், படித்துப் பார்த்துப் போடுங்கள்.