கண்ணுக்கு ஊசி, கையில் ஆறு லட்சம்

கேள்வி: மருதமுனையில் கைத்தறி நெய்கிறேன். வயது 51. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். இப்போது வலது கண் விழித்திரையில் நீர் கோர்த்திருக்கிறதாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மாதம் ஒரு ஊசி என்று தொடங்கியிருக்கிறார்கள். நூல் அறுந்தால் இழை தெரிவதில்லை, மனைவிதான் முடிந்து தருகிறார். நிலையான வைப்பில் 6 லட்சம் இருக்கிறது. அதை உடைத்து முற்பணம் கட்டி, லீசிங்கில் ஓட்டோ எடுக்கச் சொல்கிறார் மச்சான். எடுக்கவா?

பதில்: வேண்டாம். பாவில் அறுந்த இழை தெரியாத கண்ணுக்கு, மழை இரவில் விளக்கில்லாமல் குறுக்கே வரும் சைக்கிள் தெரியுமா? ஓட்டம் இல்லாத மாதத்திலும் தவணை வரும். மச்சான் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் கட்டப்போவது நீங்கள்.

சீனியால் பழுதான நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிவதால்தான் இந்த நீர். ஊசியால் சிலருக்குப் பார்வை கொஞ்சம் தேறும். பிந்தினால் போனது போனதுதான். அதனால் உங்கள் காசுக்கு இப்போது முதல் வேலை, கிளினிக் திகதி ஒன்றும் தவறாமல் பார்ப்பது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், போய்வருவது இலவசமில்லை. கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கல், வெயில் கூசும். தனியே மோட்டார் சைக்கிளில் திரும்ப முடியாது. (மருந்து விட்ட கண்ணோடு என் அப்பா கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதித்து வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டியது தனிக் கதை.) ஆக, மனைவியும் வரவேண்டும். உங்கள் ஒரு நாள் நெசவு 2,000, மனைவி நூல் சுற்றும் கூலி 700, பஸ், சாப்பாடு 800 என்று வையுங்கள்: ஒரு பயணம் 3,500. ஆறு தடவைக்கு 21,000. கையில் இது இல்லாமல் இடையிலேயே ஊசியை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. வைப்பு முதிரும்போது 50,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் தனியே போடுங்கள். மிச்சத்தை ஒரே துண்டாக வைக்காமல் மூன்று வைப்பாகப் பிரியுங்கள். அவசரமென்றால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். அதற்கு முன் காசு தேவைப்பட்டால் வைப்பின் மேல் கடன் கேளுங்கள், உடைக்க வேண்டாம்.

அப்புறம், வைப்பு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் மனைவியையும் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். பார்வை மங்கினால் கையெழுத்து மாறும். மாறிய கையெழுத்தோடு வங்கிக் கவுண்டரில் நிற்பது பெரிய அலைச்சல். காப்புறுதி எடுக்கப் போனால் சீனியை மறைக்காதீர்கள், மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் மறுத்துவிடுவார்கள்.

தறியை விட வேண்டியதில்லை. நுணுக்கமான பூவேலைச் சேலையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி, பெரிய கோட்டுச் சாரன் நெய்யுங்கள்.

புதுக் கண்ணாடிக்கும் இப்போதே காசு கட்டாதீர்கள். சீனி ஏறி இறங்கும்போது கண் வில்லையும் வீங்கி வற்றும், இன்று பொருந்துகிற கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. சீனி ஒரு நிலைக்கு வந்த பிறகு டொக்டரிடம் கேட்டு அளந்துகொள்ளுங்கள்.