படகின் பழைய பித்தளையும் எவர்சில்வரும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மும்பையில் கப்பல் உடைக்கும் இடமான தாருகானாவில் வாங்கிய பழைய பித்தளைக் கீல்களைப் படகின் அறைக்கதவில் மாட்டுவதற்கு முன் புளி போட்டுத் தேய்த்தேன். ஆங்காங்கே இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிகின்றன. இன்னும் தேய்க்கலாமா? (வாசகர், தாராவி)

பதில்: தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அந்தத் திட்டு எத்தகையது என்று முதலில் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளியின் அமிலம் பட்டதும் மேற்பரப்பு மட்டும் சிவப்பது உண்டு. பிராசோ என்னும் உலோக மெருகுத் திரவத்தைத் துணியில் தொட்டுச் சற்றுத் தேய்த்தால் மஞ்சள் நிறம் திரும்பிவிடும். திரும்பாவிட்டால்தான் கவலை. நெடுங்காலம் உப்புநீர் பட்ட பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேற, மிஞ்சும் செம்பு சல்லடைபோல் துளைபட்டுப்போகும். கத்தி முனையால் கீறிப் பாருங்கள்: நல்ல பித்தளையில் பளிச்சென்று மஞ்சள் கோடு விழும், கெட்டதில் செந்நிறத் தூள் உதிரும். ஈரம் தங்குகிற திருகாணித் துளையின் ஓரங்களையும் கீலின் அச்சாணியையும் கட்டாயம் சோதியுங்கள். இந்தக் கேடு உருவத்தை மாற்றாமலேயே வலுவைத் தின்றுவிடும் என்பதால், கெட்ட கீலுக்கு எவ்வளவு மெருகேற்றினாலும் படகில் மாட்டாதீர்கள்; வீட்டு அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகளில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. இரும்பு நாரால் தேய்த்துப் போக்கினாலும் ஒரே வாரத்தில் மீண்டும் வந்துவிடுகின்றன. (வாசகி, கொலாபா)

பதில்: அந்த இரும்பு நார்தான் முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். நாரிலிருந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் கம்பியில் பதிந்து, அவையே துருப்பிடிக்கின்றன. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிய பின், சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து நைலான் நாரால் தேய்த்து, மீண்டும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை கழுவும் ஆசிடும் கம்பியின் அருகில்கூட வரக் கூடாது. அவற்றிலுள்ள குளோரின் சேர்மங்கள் எவர்சில்வரைக் குழி குழியாக அரித்துவிடும். கம்பியை மாற்றும் நிலை வந்தால், 304 ரகத்தை விட்டு 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் வரை மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் கடற்காற்றை நன்றாகத் தாங்கும்.

கேள்வி: துத்தநாகம் பூசிய நங்கூரச் சங்கிலியைப் பளபளப்பாக்க முடியுமா? (வாசகர், செம்பூர்)

பதில்: வேண்டாம். அந்த மங்கிய சாம்பல் பூச்சுதான் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. மெருகேற்றினாலும் ஆசிடில் ஊறவைத்தாலும் போவது அதுதான். கழுவி உலர்த்தினால் போதும். பரவலாகத் துரு தெரிந்தால், கண்ணிகள் தேயாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி பூச்சுக் கொடுங்கள்.

கேள்வி: மெருகேற்றிய பித்தளைக்கு லாக்கர் (வார்னிஷ் போன்ற ஒளிபுகும் பூச்சு) அடிப்பது நல்லதா, மெழுகு பூசுவது நல்லதா? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: அறைக்குள் இருக்கும் விளக்குக்கு லாக்கர் போதும். வெயிலும் உப்பும் படும் மேல்தளத்தில் லாக்கர் ஒரு மூலையில் கீறினாலே அதன் அடியில் ஈரம் புகுந்து கறுக்கும். பிறகு முழுவதையும் தின்னர் கொண்டு கரைத்தெடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அங்கே மெழுகையே பரிந்துரைப்பேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை இருப்பதால் படகுகள் கரையேறி நிற்கும். கழற்றக்கூடிய பாகங்களை அப்போது வீட்டுக்குள் கொண்டுவந்து, பித்தளையின் பச்சைக் களிம்பு கையில் படாமல் உறை மாட்டிக்கொண்டு சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகே மெழுகு பூசுங்கள்.