வாசகர் கேள்வி பதில்: அயல்நாட்டு அமைதிப் பணிக்கு அரசு நிதி கேட்பது எப்படி?

கேள்வி: காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதி மீனவக் குடும்பங்களிடையே பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் அறக்கட்டளை எங்களுடையது. பாக் நீரிணையின் இரு கரை மீனவர்களுக்கும் இடையே உரையாடலை ஏற்படுத்தி, வட இலங்கை மீனவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியும் செய்யும் திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறோம். வெளிநாட்டு அரசுகள் இத்தகைய பணிக்கு மானியம் தருவதாக அறிகிறோம். சென்னையிலுள்ள துணைத் தூதரகங்களில் விண்ணப்பிக்கலாமா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: சென்னையில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தூதரகங்கள் வழங்கும் சிறு மானியங்களுக்குப் பொதுவான ஒரு விதி உண்டு. பணி எந்த நாட்டில் நடக்கிறதோ, அந்த நாட்டுக்குப் பொறுப்பான தூதரகமே விண்ணப்பத்தைப் பெற்று முடிவெடுக்கும். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ நடக்கவிருக்கும் பணி என்றால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு கொழும்பில் இருக்கிறது.

ஜப்பான் அரசு 1989 முதல் நடத்திவரும் அடித்தள மனிதப் பாதுகாப்பு மானியத் திட்டம் இவற்றுள் பழையது. வட இலங்கையில் கண்ணிவெடி அகற்றிய அமைப்புகள் பலவற்றுக்கு இத்திட்டத்திலிருந்து பணம் சென்றிருக்கிறது. இதே திட்டத்தைச் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகமும் நடத்துகிறது என்றாலும், அது இங்குள்ள பள்ளிகள், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் இங்கேயே செய்யும் பணிகளுக்கு உரியது. ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியும் இதே முறையில் அந்தந்த நாட்டுத் தூதரகங்கள் வழியாகவே தரப்படுகின்றன. கனடாவின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், அவர்களுடைய மானியத்தில் நடக்கும் பணிகள் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னதாகவே முடிந்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று, வாடைக் காற்று என்று பருவம் பார்த்துக் கடலுக்குப் போகிறவர்களோடு செய்யும் பணிக்கு இந்த நாட்காட்டி எளிதில் பொருந்தாது.

சற்றுப் பெரிய தொகை வேண்டுமென்றால் ஜெர்மனியைப் பாருங்கள். அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பணத்தில், ஐ.எஃப்.ஏ. என்ற நிறுவனம் 2001 முதல் 'சிவிக்' என்ற பெயரில் ஒரு நிதித் திட்டத்தை நடத்திவருகிறது. மோதல்களைக் குடிமக்கள் அமைப்புகளின் வழியாகத் தணிப்பதே அதன் நோக்கமென்பதால், ஜெர்மனிக்கு வெளியேயுள்ள அமைப்புகளும் அதில் விண்ணப்பிக்க முடிகிறது. உங்கள் உரையாடல் பகுதிக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான் என்பது என் கருத்து.

எங்கு விண்ணப்பித்தாலும், முதன்மை விண்ணப்பதாரராக வட மாகாணத்திலுள்ள ஒரு மீனவர் கூட்டுறவு அமைப்போ, இலங்கையின் 1980-ஆம் ஆண்டு 31-ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனமோ இருக்கட்டும். நீங்கள் பங்காளியாக இருந்தால் போதும். சென்னைக்காரர்கள் தலைமை தாங்கி யாழ்ப்பாணத்து மீனவருக்கு அமைதி கற்பிக்கிறார்கள் என்ற தோற்றம், நிதி தருபவருக்கு உறுத்துவதற்கு முன்பே அந்த மீனவருக்கு உறுத்தும்.

கேள்வி: வெளிநாட்டு அரசின் மானியத்தை எங்கள் சென்னைக் கணக்கில் பெற்று, ஒரு பகுதியை இலங்கையிலுள்ள பங்காளி அமைப்புக்கு அனுப்பிவைப்பதில் சட்டச் சிக்கல் உண்டா?
(வாசகி, மயிலாப்பூர்)

பதில்: உண்டு, அதுவும் தாண்டிச் செல்ல வழியில்லாத சிக்கல். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, அந்நிய அரசு தரும் பணத்தை வெளிநாட்டு நன்கொடையாகவே கருதுகிறது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்ற பணத்தை வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது. பெறுபவரும் பதிவு பெற்றவராயிற்றே என்று முன்பு சொல்லிவந்த விலக்கும் இப்போது இல்லை. எனவே நிதி தருபவர் யாழ்ப்பாணத்துப் பங்காளியின் பங்கை அவர்களுக்கே நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் பங்கு மட்டுமே உங்களுக்கு வர வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே இதைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் பங்கைப் பெறுவதற்கும் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். அமைப்பு தொடங்கி 3 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் புது தில்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை. கணக்கு தொடங்குவதற்காக நீங்கள் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக் கிளை வழியாகவே செய்துகொள்ளலாம். நிர்வாகச் செலவு, பெற்ற வெளிநாட்டு நன்கொடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. திருத்தத்துக்கு முன்பு 50 விழுக்காடு வரை அனுமதி இருந்தது. உரையாடல் பணியில் பெருஞ்செலவு ஆட்களுக்கும் பயணத்துக்குமே ஆகும் என்பதால், எந்தச் சம்பளம் நிர்வாகம், எது களப்பணி என்பதைத் தணிக்கையாளருடன் உட்கார்ந்து முன்கூட்டியே பிரித்துக்கொள்வது அவசியம்.

பதிவு இல்லாதவர்கள் முன் அனுமதி கோரலாம். குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து, குறிப்பிட்ட தொகையை, குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும் பெறும் அனுமதி அது. நிதி தருபவரின் உறுதிக் கடிதத்தை இணைக்க வேண்டும். பதிவாக இருந்தாலும் முன் அனுமதியாக இருந்தாலும், அந்நிய நாடுகளுடனான நல்லுறவுக்கு இந்தப் பணத்தால் ஊறு வரக்கூடாது என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. இரு நாட்டு மீனவர் பிரச்சினையைத் தொடும் திட்டத்தை உள்துறை அமைச்சகம் இந்தக் கண்ணோடுதான் படிக்கும். கச்சத்தீவு, எல்லைக்கோடு, கைது போன்ற சொற்கள் திட்ட அறிக்கையில் எங்கே, எந்தத் தொனியில் வருகின்றன என்று ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள்.

ஐக்கிய நாடுகள் சபையும் அதன் சிறப்பு முகமைகளும் உலக வங்கியும் தரும் பணம் இச்சட்டத்தின் பொருளில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பணமே வேண்டாம், சென்னையிலேயே நன்கொடை திரட்டி அங்கே செலவிட்டால்?
(வாசகர், கோடம்பாக்கம்)

பதில்: அப்போது வருமான வரித்துறை குறுக்கே வரும். வருமான வரிச் சட்டத்தின்படி, அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் அதற்கு வரிவிலக்குக் கிடையாது. இந்தியா அக்கறை கொண்டுள்ள பன்னாட்டு நலனுக்கான பணி என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் ஆணை பிறப்பித்தால் மட்டுமே விலக்கு உண்டு. அந்த ஆணையைப் பெறுவது எளிதல்ல. சிறு தொகைக்காக இந்த வழியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தையல் இயந்திரமும் பயிற்சியும் வழங்கும் எங்கள் கருத்துருவை, 'இது நல்ல வளர்ச்சித் திட்டம், ஆனால் அமைதித் திட்டம் அல்ல' என்று ஒரு தூதரகம் நிராகரித்துவிட்டது. போர் நடந்த இடத்தில் செய்யும் வளர்ச்சிப் பணி அமைதிப் பணி ஆகாதா?
(வாசகி, அடையாறு)

பதில்: தானாக ஆகிவிடாது. நிதி தரும் நாடுகள் தம் உதவியை வகைப்படுத்தப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையில் 15220 என்ற எண், குடிமக்கள் வழியான அமைதிக் கட்டுமானத்துக்கும் மோதல் தடுப்புக்கும் தீர்வுக்கும் உரியது. கண்ணிவெடி அகற்றலுக்கு 15250. கல்வி, சுகாதாரம், மீன்வளம் ஆகியவற்றுக்கு வேறு எண்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி அதை எந்த எண்ணின்கீழ்க் கணக்கு வைப்பது என்று பார்க்கிறார். 15220-இல் சேர்க்க வேண்டுமென்றால், யாருக்கும் யாருக்கும் இடையே, எதைப் பற்றி, எந்த மோதல் இருக்கிறது, உங்கள் பணியால் அதில் எது மாறும் என்ற விடை அவருக்கு வேண்டும். நம்மவர்களின் கருத்துருக்களில் நான் மிகுதியாகக் காணும் குறை இதுதான். போரின் வரலாறு நான்கு பக்கம் இருக்கும். இன்று அந்த ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதற்கு ஒரு வரி இருக்காது.

திருவொற்றியூர் வாசகரின் கடலையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் போர் முடிந்த பிறகு வட இலங்கை மீனவர்கள் மீண்டும் தொழிலுக்கு வந்தபோது, இராமேசுவரம் பக்கத்து இழுவைப் படகுகள் அவர்களுடைய கடலில் வலையிழுத்துக்கொண்டிருந்தன. அவர்களிடம் இருப்பவை சிறு ஃபைபர் படகுகளும் செவுள் வலைகளும். இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள் கடலுக்கு வரும். அந்த இரவுகளில் வலை விரித்தால் அறுபடும் என்பதால் வடக்கு மீனவர் பலர் கரையிலேயே இருந்துவிடுகிறார்கள். இலங்கை 2017-இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் நம் பக்கம், இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைமீன் படகுகள் வாங்க மத்திய, மாநில அரசுகள் மானியம் அறிவித்தன. 2014 ஜனவரியிலும் 2015 மார்ச்சிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் சென்னையிலேயே சந்தித்துப் பேசினார்கள்.

இந்த நிலையில் வடக்குக் குடும்பங்களுக்கு இலவசமாகப் புது வலை வழங்கினால் அது வளர்ச்சிப் பணி. அடுத்த வாரமே அந்த வலை அறுபட்டால் கோபம் முன்பைவிடக் கூடும். அறுந்த வலைக்கு யார், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் ஈடு தருவது என்று இரு கரைச் சங்கங்களும் ஒப்புக்கொள்ளும் முறையை உருவாக்கி, அதன் பதிவேட்டை இரு தரப்பும் சேர்ந்து பராமரிக்க வைத்தால், அது 15220-க்குள் வரும். செலவு ஒருவேளை வலைக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் தையல் இயந்திரங்களுக்கும் இதே கேள்விதான். அவை எந்தத் தெருப் பெண்களுக்குப் போகின்றன? மீள்குடியேறியவர்களுக்கு மட்டுமா, ஊரிலேயே இருந்தவர்களுக்கும் உண்டா? பக்கத்து முஸ்லிம் குடியிருப்புக்கு? பட்டியலை யார் தயாரிக்கிறார்கள்? உதவியே பிளவை ஆழப்படுத்தக்கூடும் என்பதை 1990-களில் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பல நாட்டு அனுபவங்களிலிருந்து எடுத்துக்காட்டினார். 'தீங்கு செய்யாமை' என்ற தலைப்பில் இன்று விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் இருக்கும் பகுதி அவ்வழி வந்தது. அந்த இடத்தில் 'எங்கள் திட்டத்தால் எவருக்கும் தீங்கு நேராது' என்று எழுதுவது, கேள்வி புரியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். எங்கே தீங்கு நேரக்கூடும், நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரியும், என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும்.

அதற்கடுத்து வரும் தருக்கச் சட்டக அட்டவணையை, அதாவது திட்டத்தின் நோக்கம், பணிகள், அவற்றை அளக்கும் குறியீடுகள் ஆகியவற்றைக் கட்டங்களில் காட்டும் 'லாக்ஃபிரேமை'க் கண்டு மிரளாதீர்கள். அமெரிக்க உதவி முகமைக்காக 1969-இல் உருவாக்கப்பட்ட அந்த அட்டவணை, உருவாக்கிய முகமையே மூடப்பட்ட பின்னும் உலகம் முழுவதும் புழங்குகிறது. 'நல்லிணக்கம் மேம்படும்' என்பதைக் குறியீடாக எழுதாதீர்கள். எவராலும் அதை எண்ண முடியாது. மற்றத் தரப்பினரின் கடையில் பொருள் வாங்கும் குடும்பங்கள், இரு தரப்பும் கலந்துகொண்ட கூட்டங்கள், காவல் நிலையம் போகாமல் ஊரிலேயே முடிந்த தகராறுகள் ஆகியவற்றை எண்ணலாம்.

கேள்வி: செலவுத் திட்டத்தில் கவனிக்க வேண்டியவை எவை?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: எதற்குத் தரமாட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஜப்பானின் அடித்தள மானியம் பெரும்பாலும் கட்டடம், கருவி போன்றவற்றுக்கே. சம்பளத்துக்கும் அன்றாட நடப்புச் செலவுக்கும் அதில் பொதுவாக இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களில் மறைமுகச் செலவுக்கு (அலுவலக வாடகை, கணக்கெழுதுதல் போன்ற பொதுச் செலவு) வழக்கமாக 7 விழுக்காடு வரைதான் ஏற்பார்கள். மொத்தச் செலவில் ஒரு பங்கை நீங்களே போட வேண்டியும் வரும்.

'போக்குவரத்து: 4,00,000 ரூபாய்' என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட பட்ஜெட்டை எந்த அதிகாரியும் நம்புவதில்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை பேர், மாதம் எத்தனை முறை, பேருந்தா வாடகை வண்டியா என்று பிரித்தெழுதினால், தொகை கூடுதலாக இருந்தாலும் கேள்வி வராது. பெரிய கொள்முதல்களுக்கு மூன்று விற்பனையாளர்களின் விலைப்புள்ளிகளை இணையுங்கள். மூன்றும் ஒரே எழுத்துருவில், ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தால் எதிரில் இருப்பவர் கண்டுகொள்வார்.

கேள்வி: அமெரிக்க அரசின் நிதியை நம்பலாமா? இந்திய அரசு எதுவும் தருவதில்லையா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: இப்போதைக்கு அமெரிக்காவை நம்பித் திட்டமிட வேண்டாம். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அந்நாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்ட் தனி முகமையாக இயங்குவதும் முடிவுக்கு வந்தது.

இந்திய அரசு இலங்கையில் வீடுகள், பள்ளிகள், சமூக மேம்பாட்டுத் திட்டங்கள் பலவற்றுக்கு மானியமாகவே செலவிடுகிறது. 2012-இல் வெளியுறவு அமைச்சகத்தில் இத்தகைய அயல்நாட்டு உதவிகளுக்கென வளர்ச்சிக் கூட்டாண்மைப் பிரிவும் தொடங்கப்பட்டது. ஆயினும் இத்திட்டங்கள் இலங்கை அரசின் வழியாகத் தேர்வாகின்றவை. தாம்பரத்திலிருந்து ஓர் அறக்கட்டளை நேரடியாக விண்ணப்பிக்கும் படிவம் எதுவும் அவற்றுக்கு இல்லை. உங்கள் பங்காளி அமைப்பு தன் பகுதிப் பிரதேச செயலகத்திடம் (இலங்கையின் வட்டார அரசு நிர்வாக அலுவலகம்) திட்டத்தைக் கொண்டுபோய்ப் பேசத் தொடங்கட்டும்.