ஸ்வீப் மெஷ் விழவில்லையா? வெட்டும் முன் திசையைப் பாருங்கள்

தகைவைக் கணக்கிட ஒரு பாகத்தைக் கணினியில் சிறு கட்டிகளாக (எலிமென்ட்) பிரிக்கிறோம், அவற்றை இணைக்கும் புள்ளிகள் நோடுகள், மொத்த வலைதான் மெஷ். ஒரு முகத்தின் மெஷ்ஷை எதிர்முகம் வரை இழுத்துக்கொண்டு போவது ஸ்வீப். அதில் வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இது: 20 மி.மீ. தடிமனில் ஒரு சதுரத் தகடு. நடுவில் 60 மி.மீ. விட்டத்தில் 35 மி.மீ. எழுந்து நிற்கும் ஒரு பாஸ் (உருளை மேடு), அதன் நடுவே தகட்டின் அடிவரை போகும் 30 மி.மீ. துளை. பாஸ் தகட்டோடு சேரும் இடத்தில் 5 மி.மீ. ஆரத்தில் ஃபில்லட் (உள்மூலையை வளைவாக நிரப்புவது). நான்கு மூலைகளிலும் மேலிருந்து 12 மி.மீ. ஆழம் மட்டும் போய் நின்றுவிடும் 10 மி.மீ. துளைகள். "தகட்டின் மேல்பரப்பு மட்டத்தில் வெட்டி இரண்டு துண்டாக்கினேன். பாஸ் ஸ்வீப் ஆகிறது, ஆனால் ஃபில்லட்டின் அடியில் எலிமென்ட்கள் நசுங்கி எச்சரிக்கை வருகிறது. தகடு ஸ்வீப் ஆகவே மாட்டேன் என்கிறது. நோடுகளும் பொருந்தவில்லை. எங்கே தப்பு?"

முதலில் ஒரு கேள்வி நான் கேட்கிறேன். இதற்கு ஹெக்ஸ் (ஸ்வீப்பில் கிடைக்கும் செங்கல் வடிவ, ஆறுமுக எலிமென்ட்) உண்மையிலேயே வேண்டுமா? சாதாரண லீனியர் ஸ்டாடிக் கணக்கு (நிலையான சுமை, சிறு உருமாற்றம்) என்றால் 10 நோடு டெட் (நான்முக எலிமென்ட்) போட்டு ஃபில்லட்டில் கொஞ்சம் பொடியாக்கி, மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போகலாம், விடையில் குறை இருக்காது. 4 நோடு டெட்தான் ஆகாது, பாகம் வளையும்போது அது விறைத்துக்கொள்ளும். எக்ஸ்பிளிசிட் கணக்கு (மோதல் மாதிரி வேகமான நிகழ்வுகளுக்கானது), பெரிய பிளாஸ்டிக் (மீளாத) உருமாற்றம், கான்டாக்ட் (பாகங்கள் தொட்டு அழுத்தும் இடம்) நெருக்கடி, இப்படி ஏதாவது இருந்தால் ஹெக்ஸுக்காக மெனக்கெடலாம். சரி, உங்களுக்கு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்வீப் செய்வது மிக எளிமையான வேலை. ஒரு முகத்தில் நாற்கர மெஷ் போட்டு, அதை அடுக்கடுக்காக நகர்த்தி எதிர்முகம் வரை கொண்டுபோகும். தொடங்கும் முகம் சோர்ஸ், முடியும் முகம் டார்கெட், இடையில் இருப்பவை பக்கச்சுவர்கள். சோர்ஸ் முகம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, துளை இருக்கலாம், வளைவு இருக்கலாம். பக்கச்சுவர்கள்தான் ஒழுங்காக, கட்டம் போட்ட தாள் மாதிரி வரிசை வரிசையாகப் பிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சோர்ஸில் தொடங்கும் எந்த அம்சமும் டார்கெட் வரை போயே ஆக வேண்டும். உங்கள் மூலைத் துளைகள் பாதியில் நின்றுவிடுகின்றன, அதனால்தான் தகடு மறுக்கிறது. மேல்முகத்தில் நான்கு வட்ட ஓட்டை, அடிமுகத்தில் ஒன்றுமில்லை. மேலே போட்ட மெஷ்ஷைக் கீழே எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆகவே வெட்டுக் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், எந்தக் கட்டி எந்தத் திசையில் ஸ்வீப் ஆகப்போகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். நீங்கள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக நினைத்துவிட்டீர்கள், சிக்கல் அங்கேதான்.

ஃபில்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது தகட்டைத் தொடும் இடத்தில் தகட்டோடு வழுவழுவென்று கலக்கிறது, அதாவது அங்கே ஃபில்லட்டும் தகட்டின் மேல்பரப்பும் ஒரே தளத்தில் இருக்கின்றன. அதே தளத்தில் வெட்டினால் பாஸ் துண்டின் அடி விளிம்பு கத்தி முனையாகிவிடும், கோணம் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த முனைக்குள் எந்த எலிமென்ட் நுழைந்தாலும் நசுங்கத்தான் செய்யும், மெஷ் அளவை எவ்வளவு குறைத்தாலும் தீராது. அதற்குப் பதில் ஃபில்லட் முடியும் 35 மி.மீ. ஆரத்தில் ஒரு உருளையை நிமிர்ந்தவாக்கில் தகட்டின் அடிவரை இறக்கி வெட்டுங்கள். இப்போது அந்த முனையில் கோணம் 90 டிகிரி. உள்ளே கிடைப்பது 15 முதல் 35 ஆரம் வரை உள்ள ஒரு வளையம், பாஸும் ஃபில்லட்டும் அடியிலுள்ள தகடும் சேர்ந்த ஒரே கட்டி. இதை மேலிருந்து கீழாக ஸ்வீப் செய்யாதீர்கள், அச்சைச் சுற்றிச் செய்யுங்கள். முழு வளையத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது என்பதால், அச்சு வழியே போகும் இரண்டு தளங்களால் மொத்தப் பாகத்தையும் நான்காக வெட்டிவிடுங்கள். கால்வளையத்தின் வெட்டுமுகம்தான் சோர்ஸ். ஃபில்லட்டின் வளைவு முழுக்க அந்த முகத்துக்குள் வந்துவிடுவதால், அங்கே எவ்வளவு பொடியாக வேண்டுமோ அவ்வளவு போடலாம். சுற்றுவாக்கில் காலுக்கு 12 அடுக்கு வைத்தால் ஒரு அடுக்குக்கு 7.5 டிகிரி. (நடுவில் துளை இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். திண்ம தண்டாக இருந்தால் அச்சில் எல்லாம் ஒரு கோட்டில் போய்க் குவியும், நடுவில் ஒரு சதுரக் கட்டையை ஒதுக்கி வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.)

வெளித்தகடு மேலிருந்து கீழாகவே போகட்டும். மூலைத் துளையின் உருளையை அடிவரை நீட்டி வெட்டுங்கள், துளைக்கு அடியில் 8 மி.மீ. உயரத்தில் ஒரு குட்டி வட்டு தனியாக வரும். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். சில மென்பொருள்கள் அதையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வட்டின் மேல் விளிம்பு துளைச் சுவரை மட்டும் இரண்டாகப் பிரிக்கிறது, மற்ற சுவர்கள் ஒரே முகமாக இருக்கின்றன, அடுக்குகள் சாய்ந்து போக வாய்ப்புண்டு. துளை அடியின் மட்டத்தில் வெளித்தகடு முழுக்க ஒரு கிடைத்தள வெட்டும் போட்டுவிடுங்கள், நிம்மதி. மேலே 12 மி.மீ., கீழே 8 மி.மீ., 2 மி.மீ. வீதம் 6 அடுக்கும் 4 அடுக்கும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது தையல் கோடு, அதாவது உருளை முகத்தின் ஓரங்கள் சேரும் கோடு. ஸ்டெப் கோப்பாக (வடிவமைப்பு மென்பொருள்களுக்கிடையே பரிமாறும் கோப்பு வகை) வரும் உருளைகள் பெரும்பாலும் இரண்டு அரைமுகங்களாக வரும். உங்கள் வெட்டுத்தளம் அந்தக் கோட்டிலிருந்து மயிரிழை விலகினாலும் நடுவில் ஒரு மெல்லிய முகம் முளைக்கும். ஒரு தடவை 0.02 மி.மீ. அகல முகம் ஒன்று இருப்பது தெரியாமல் அரை நாள் தொலைத்திருக்கிறேன். தளத்தைக் கோட்டின் மேலேயே வையுங்கள், இல்லையென்றால் முதலில் இரண்டு அரைமுகங்களையும் இணைத்துவிடுங்கள். மறை இழை, பொறித்த எழுத்து, வெளிமூலைச் சிறு சரிவுகள் எல்லாவற்றையும் வெட்டும் முன்னே கழற்றிவிடுங்கள். ஃபில்லட்டை மட்டும் கழற்றாதீர்கள், தகைவு அங்கேதான் வேண்டும் என்றால். கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது.

நோடுகள் பொருந்தாதது தனிக் கதை. நீங்கள் வெட்டியது இரண்டு தனி உடல்களாக நிற்கிறது, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு முகங்களும் தனித்தனி. அபாகஸ் மென்பொருளில் ஒரே பார்ட்டுக்குள் பார்ட்டிஷன் (உடலைப் பிரிக்காமல் உள்ளே வெட்டுவது) செய்தால் முகம் தானாகவே பொதுவாகிவிடும். ஆன்சிஸ் மென்பொருளின் ஸ்பேஸ்கிளெய்மில் ஷேர் (முகத்தைப் பொதுவாக்கும் கட்டளை) கொடுக்க வேண்டும், டிசைன்மாடலரில் எல்லா உடல்களையும் ஒரே பார்ட்டாகத் தொகுக்க வேண்டும். கியூபிட் மென்பொருளில் இம்ப்ரின்ட் (ஒன்றின் விளிம்பை மற்றதில் பதிப்பது), அப்புறம் மெர்ஜ் (ஒன்றாக்குவது), இந்த வரிசையில்.

அபாகஸில் துண்டு மஞ்சளாக மாறினால் ஸ்வீப்புக்குத் தயார், பச்சை என்றால் இன்னும் ஒழுங்கு, இளஞ்சிவப்பு என்றால் டெட்தான் போகும், ஆரஞ்சு என்றால் மறுபடி வெட்ட வேண்டும். மஞ்சளைப் பார்த்ததும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், கால்வளையம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள், தவறாக இருந்தால் ஸ்வீப் பாதையைக் கையால் மாற்றிக்கொடுங்கள். ஆன்சிஸில் சோர்ஸ், டார்கெட் இரண்டையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுவது நல்லது.

மெஷ் முடிந்ததும் கான்டாக்ட், கட்டுப்பாடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு மோடல் கணக்கு (இயல்பு அதிர்வெண்களைக் காண்பது) ஓட்டிப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிய அதிர்வெண்கள் 6 (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி) வந்தால் எல்லாத் துண்டுகளும் ஒட்டியிருக்கின்றன. 12 வந்தால் ஏதோ ஒரு துண்டு தனியாக மிதக்கிறது, அந்த 12 மோடுகளின் அசைவுகளைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.