கால்பந்து, கபடி அணிகளின் பயிற்சிக்கு உடலில் அணியும் மின்னணுக் கருவி செய்ய எந்தச் சென்சார் நல்லது?

நீங்கள் அநேகமாக இறுதியாண்டு மாணவர். மேசையில் ஒரு சர்க்யூட் போர்டு, தலைக்கு மேல் புராஜெக்ட் தேதி. ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இதைக் கேட்ட எல்லோருமே சென்சாரில்தான் தொடங்கினார்கள். உடையைப் பற்றிக் கேட்டவர் எவருமில்லை.

நான் திருப்பூரில் ஒரு சிறு குழுவோடு இதே வேலையைச் செய்கிறவன். கருவி ஒரு சிறு பெட்டி. அது உட்காரும் இடம், உடையில் முதுகின் மேற்பகுதியில், இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தைத்த பை. வானம் மறையாததால் அங்கே ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்கும். கை வீச்சுக்கும் தடையில்லை. கால்பந்துப் பயிற்சி ஒன்றில், சேர்ந்தாற்போல் ஓடிய இரண்டு பையன்களில் ஒல்லியானவனுக்கு மட்டும் உடலுழைப்பு ஏகத்துக்கு அதிகமாகக் காட்டியது. அவன் உடை தொளதொளவென்று இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் பெட்டி தனியாகக் குதித்தது. அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி அதையும் ஓட்டக் கணக்கில் சேர்த்துவிட்டது.

மென்பொருளில் வடிகட்டிவிடலாம் என்று பொறியாளர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். உடைக்கு அளவும் வெட்டும் வகுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் அண்ணன் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "பை தைத்த இடத்தில் லைக்ரா கூடாது தம்பி" என்றார். லைக்ரா என்பது இழுத்தால் நீளும் துணி. பையைச் சுற்றி நீளாத துணியும் விலாவைச் சுற்றி இறுகப் பிடிக்கும் பட்டையும் வைத்துத் தைத்ததும் குதியாட்டம் அடங்கியது. ஆண்களின் அளவைச் சுருக்கிப் பெண்கள் அணிக்குத் தைக்கக் கூடாது, அதற்குத் தனி வெட்டு வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். பிறகு ஒரு கண்காட்சியில் எங்களை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். "தொழில்நுட்பக் குழு மட்டும் வரட்டும்" என்று அவரைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சுதான். ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

வியர்வையை மறந்துவிடாதீர்கள். சார்ஜ் செய்யும் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருந்தால், தங்க முலாம் பூசியிருந்தாலும் உப்பு அரித்துவிடும். உடம்பில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், புளூடூத், வைஃபை அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது விழுங்கும். அதனால் பதிவைக் கருவியின் நினைவகத்திலேயே வைத்து, பயிற்சி முடிந்ததும் இறக்குகிறோம். "வெளிநாட்டு அணிகள் உடனுக்குடன் திரையில் பார்க்கின்றனவே" என்று யாராவது கிளம்புவார்கள். உண்மைதான். கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி, 2015இல் போட்டிகளிலேயே இந்தக் கருவிகளை அணியவும் வழிவிட்டது. அந்த அணிகளுக்கு மைதான ஓரத்தில் ரிசீவரும் அதைப் பார்க்கத் தனி ஆளும் உண்டு. நம் பயிற்சியாளருக்கு விசில் ஊதவே நேரம் போதவில்லை.

கபடிக்குக் கணக்கே வேறு. ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் ஓரிரு மீட்டர் பிசகும் ஜிபிஎஸ்ஸால் என்ன பயன்? உள்ளரங்கம் என்றால் சிக்னலே வராது. மல்லாந்து விழுகிற ஆட்டத்தில் முதுகில் கெட்டியான பெட்டி இருப்பதும் ஆபத்து. பிடி பழகும் நேரத்தில் கழற்றிவிடச் சொல்கிறேன். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் ஒருமுறை அணிந்து விழுந்து பார்க்கட்டும்.

சரி, கேட்டதற்குப் பதில். முடுக்கமும் சுழற்சியும் அளக்கும் ஆறு அச்சுச் சென்சார், ±16ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கு) வரை அளப்பது, விநாடிக்கு 100 பதிவு. பிராண்டு உங்கள் விருப்பம். கால்பந்துக்கு விநாடிக்கு 10 முறை பதியும் ஜிபிஎஸ் வாங்குங்கள்: விநாடிக்கு 8 மீட்டர் ஓடுபவரை ஒரே முறை பதிந்தால் இடையில் 8 மீட்டர் காணாமல் போகும், 10 முறை பதிந்தால் 80 சென்டிமீட்டர்தான். கபடிக்கு ஜிபிஎஸ்ஸை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் உடைக்கு இன்னொரு சாம்பிள் தைத்துவிடலாம்.