ஆர்1, ஆர்2, டிங்: என்ன பாஷை இது?

கேள்வி: வெளிநாட்டில் எம்பிஏ படிக்க ஆசை. விண்ணப்பித்தவர்கள் ஆர்1, ஆர்2, ரோலிங், டிங் என்று பேசிக்கொள்வது எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அக்டோபர். ஜிமேட் நுழைவுத் தேர்வு இன்னும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு சேரும் வாய்ப்பு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ஆர்1 மட்டும்தான் கைநழுவியது.

ஆர் என்றால் ரவுண்ட். அமெரிக்காவின் பெரிய பிசினஸ் பள்ளிகள் பலவும் விண்ணப்பங்களை மூன்று தவணையாக வாங்குகின்றன. முதல் ரவுண்ட் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடியும். இரண்டாவது, ஜனவரி முதல் வாரங்களில். மூன்றாவது மார்ச், ஏப்ரல் வாக்கில். அதற்குள் இடங்களும் உதவித்தொகையும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், விசாவுக்கும் நேரம் இருக்காது. நீங்கள் ஆர்2-ஐக் குறிவையுங்கள். ரோலிங் வேறு ரகம்: விண்ணப்பங்களை வர வரப் படித்து முடிவு சொல்வார்கள். அங்கே கடைசித் தேதியை நம்பி உட்கார்ந்தால் இடம் இருக்காது.

ஜிமேட்டை நவம்பர் நடுவுக்குள் எழுதிவிடுங்கள். ஒரு முறை எழுதினால் அடுத்ததற்கு 16 நாள் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியை இப்போதே கணக்கில் வையுங்கள். இன்னொன்று, யாராவது “700 வாங்கினேன்” என்றால் எந்தத் தேர்வில் என்று கேளுங்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டின் மதிப்பெண் 205 முதல் 805 வரை. அதில் 645 வாங்கினாலே பழைய 700-க்குச் சமம். இது தெரியாமல் வீணாகக் கலங்குபவர்கள் நிறைய. ஜிமேட்டுக்குப் பதிலாக ஜிஆர்இ என்ற தேர்வை எழுதினாலும் அநேகமாக எல்லா இடத்திலும் ஏற்பார்கள்.

விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. டிசம்பர் கடைசியில் எனக்கு வரும் பதற்றமான அழைப்புகள் பெரும்பாலும் கட்டுரையைப் பற்றியவை அல்ல, பரிந்துரைக் கடிதத்தைப் பற்றியவை. உங்களுக்குக் கடிதம் தரும் மேலாளரின் பெயரையும் மின்னஞ்சலையும் படிவத்தில் நீங்கள் பதிந்த பிறகுதான் அவருக்கு இணைப்பே போகும். அது அலுவலக ஸ்பாமில் விழும். விழாவிட்டாலும் ஆண்டிறுதி விடுமுறையில் அவர் எங்கோ இருப்பார். பல பள்ளிகளில் கடிதமும் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் வந்தாக வேண்டும். அதனால் நவம்பரிலேயே பெயரைப் பதிந்துவிட்டு, “டிசம்பர் 15-க்குள் வேண்டும் சார்” என்று சொல்லிவையுங்கள். சின்னப் பொய்தான், பரவாயில்லை.

கடைசித் தேதியோடு மணியையும் பாருங்கள். ஹார்வர்டுக்கு அது பாஸ்டன் நேரப்படி நண்பகல் 12. நள்ளிரவு வரை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

டிங் என்றால் நிராகரிப்பு, அவ்வளவுதான். வெயிட்லிஸ்ட், அதாவது காத்திருப்போர் பட்டியல், நிராகரிப்பு ஆகாது. ஆனால் சில பள்ளிகள் புதிய தகவல் அனுப்பச் சொல்லும், சில எதையும் அனுப்பாதே என்னும். அவர்கள் கடிதத்தில் உள்ளபடி செய்யுங்கள்.

அப்புறம், ஏர்லி டெசிஷன் என்று ஒன்று கண்ணில் படும். இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்று வாக்குக் கொடுத்து விண்ணப்பிப்பது அது. எந்தப் பள்ளி என்றே முடிவு செய்யாத நீங்கள் அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம்.