வாசகர் கேள்வி: குச்சி பிடித்த பியானோக்காரர்

போன இதழில் டேனியல் பாரன்பாய்மை ஒரு வரியில் பியானோ கலைஞர் என்றும் அடுத்த வரியில் கண்டக்டர் என்றும் எழுதியிருந்தீர்கள். எது சரி? (திருச்சி வாசகர்)

இரண்டுமே சரி. கண்டக்டர் என்றதும் நமக்கு விசிலும் டிக்கெட் பையும்தான் ஞாபகம் வருகிறது, நடத்துநர் என்று தமிழாக்கினாலும் பஸ்ஸை விட்டு இறங்க முடிவதில்லை, அதனால் கேள்வி நியாயமானதுதான். இசையில் கண்டக்டர் என்றால், ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவின் முன் நின்று, கையில் குச்சியோடு அதை நடத்துகிறவர். பாரன்பாய்ம் 1942-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே பியானோ ஆசிரியர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருமே பாடம் படிக்க வந்தவர்கள் என்பதால், உலகத்தில் எல்லோரும் பியானோ வாசிப்பார்கள் என்றே சின்ன வயதில் நினைத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 5 வயதில் அம்மாவிடம் ஆரம்பித்து, அப்புறம் அப்பாவிடம். பியானோவுக்கு வேறு வாத்தியார் கிடையாது. 7 வயதில் முதல் கச்சேரி. 1952-ல் குடும்பம் இஸ்ரேலுக்குப் போனது. 1954-ல், 11 வயதில், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இகோர் மார்க்கெவிச்சின் கண்டக்டிங் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். ஆக, பியானோவில் பெயர் வாங்கிய பிறகு குச்சிக்கு மாறியவர் இல்லை.

மேதை ஃபுர்ட்வாங்லர் கூப்பிட்டும் பெர்லினுக்குப் போகவில்லையாமே? (மதுரை வாசகி)

போகவில்லை. அதே 1954-ல் பையன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் வாசிக்க அழைத்தார் ஜெர்மன் கண்டக்டர் ஃபுர்ட்வாங்லர். இரண்டாம் உலகப் போர் முடிந்து 9 வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு யூதக் குடும்பம் ஜெர்மனிக்குப் போக இது நேரமில்லை என்று அப்பா மறுத்துவிட்டார். ஃபுர்ட்வாங்லர் கோபித்துக்கொள்ளாமல் பையனைப் புகழ்ந்து ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார், பல கதவுகளைத் திறந்தது அந்தக் கடிதம்தான். எந்த ஊருக்கு வேண்டாம் என்றார்களோ அதே பெர்லினில்தான் 1992 முதல் 2023 வரை அரசு ஆப்பராவின் (இசை நாடக அரங்கின்) இசைத் தலைவராக இருந்தார் பாரன்பாய்ம். அதற்கு முன்னும் நடுவிலுமாகப் பாரிஸ், சிகாகோ, மிலானின் லா ஸ்காலா ஆப்பரா அரங்கு எல்லாம் உண்டு, ஆனால் அவருக்கு வீடு என்றால் பெர்லின்தான் என்பேன்.

ஒரே ஆள் வாசித்துக்கொண்டே ஆர்க்கெஸ்ட்ராவையும் நடத்துவது எப்படி? இரண்டு கைதானே? (கோவை வாசகர்)

பியானோவின் மூடியைக் கழற்றிவிட்டு, நமக்கு முதுகைக் காட்டி, வாத்தியக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வார். கை சும்மா இருக்கும் இடங்களில் கையால் காட்டுவார்; கை வேலையாக இருந்தால் தலை, கண், தோள். மொசார்ட் காலத்தில் இதுதான் வழக்கம். இங்கிலிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோடு மொசார்ட் கன்செர்ட்டோக்களை (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) அவர் இப்படித்தான் பதிவு செய்தார். இதில் ரகசியம் என்னவென்றால், குச்சியை எதிர்பார்க்க முடியாதபோது ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேட்டே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. பிராம்ஸ் கன்செர்ட்டோ என்றால் பார்பிரோலி, சுபின் மேத்தா மாதிரி ஒரு கண்டக்டரிடம் குச்சியைக் கொடுத்துவிட்டு வாசிக்கப் போய்விடுவார். 1967-ல் பீத்தோவனின் ஐந்து கன்செர்ட்டோக்களையும் 82 வயது ஓட்டோ கிளெம்பரரின் கீழ் வாசித்தபோது இவருக்கு 25கூட முழுதாக ஆகவில்லை.

சுபின் மேத்தா இவர் கல்யாணத்தில் யூதராக நடித்தது நிஜமா? (சென்னை வாசகர்)

நிஜம்தான், மேத்தாவே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை. இருவரும் 1956-ல் இத்தாலியின் சியெனாவில் ஒரே கண்டக்டிங் வகுப்பு. 1967 ஜூனில், இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த ஆறு நாள் போர் முடிந்த கையோடு, செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயை ஜெருசலேமில் மணந்தார் பாரன்பாய்ம். சடங்குக்கு யூதர்தான் கூட நிற்கவேண்டும், மும்பை பார்சியான மேத்தாவை என்ன செய்வது? பாரசீகத்திலிருந்து வந்த மோஷே கோஹன் என்று சொல்லிவிட்டார்கள். மேத்தாவின் முகத்துக்கு அது பொருந்தியும் போயிற்று. அதற்கப்புறம் நடந்தது சிரிக்கிற கதை இல்லை. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து 1973-ல் ஜாக்குலின் வாசிப்பதையே நிறுத்த நேர்ந்தது. 1987-ல், 42 வயதில், இறந்தார்.

இஸ்ரேலியரும் அரபுகளும் சேர்ந்து வயலின் வாசித்தால் சமாதானம் வந்துவிடுமா? (யாழ்ப்பாண வாசகர்)

வராது. அதை முதலில் சொன்னவரே பாரன்பாய்ம்தான். 1999-ல் ஜெர்மனியின் வைமாரில் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதோடு சேர்ந்து, இஸ்ரேலிய, அரபு இளைஞர்களை வைத்துத் தொடங்கிய வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான் ஆர்க்கெஸ்ட்ராவை அறியாமைக்கு எதிரான முயற்சி என்றுதான் சொன்னார், சமாதானத் திட்டம் என்று அல்ல. ஒரே நோட்டு ஸ்டாண்டின் முன் இரண்டு பேர், ஒரே சுரம், வில்லை ஒரே பக்கம் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. 2005-ல் அவர்களைப் பாலஸ்தீன நகரமான ரமல்லாவுக்கே கூட்டிப்போய் வாசித்தார். இஸ்ரேல் குடிமகனான அவர் பாலஸ்தீன பாஸ்போர்ட்டும் வாங்கிக்கொண்டார், இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

இப்போதும் வாசிக்கிறாரா? கேட்க எதில் ஆரம்பிக்கலாம்? (சேலம் வாசகி)

உடல்நிலையால் 2023-ல் பெர்லின் பதவியை விட்டார். பார்கின்சன் நோய் என்று 2025-ல் அவரே அறிவித்தார். 1969-ல் லண்டனில் படமாக்கப்பட்ட ஷூபர்ட்டின் 'ட்ரவுட்' ஐவர் இசையில் நீங்கள் ஆரம்பியுங்கள். கச்சேரிக்கு முன் வாத்தியங்களை மாற்றி வாசித்து அந்த ஐந்து பேரும் அடிக்கும் கூத்தையும் தவறவிடாதீர்கள். பாரன்பாய்ம் பியானோ, ஜாக்குலின் செல்லோ, பெர்ல்மன் வயலின், சுகர்மன் வியோலா. டபுள் பாஸோடு பின்னால் நிற்கிறவர் நம்ம மோஷே கோஹன்.